கணினிக் குரல் தடுமாறும்போது: தமிழ்ப் பேச்சொலிப்பான் பயன்படுத்துவோர் உதவி பெறுவதற்கான முழுமையான வழிகாட்டி

கண்ணால் திரையைப் பார்ப்பவரின் கணினியில் ஒலி நின்றுபோனால், அவர் திரையில் தோன்றும் செய்தியை வாசித்துப் பழுதைச் சரிசெய்துகொள்வார். குரலைக் கேட்டே கணினியை இயக்குபவருக்கு அந்தக் குரல் நின்றுபோகும்போது பழுது ஏற்படுவதோடு, உதவி தேடும் வழியும் அடைபட்டுவிடுகிறது. இந்த வழிகாட்டி அந்த நிலைமைக்காக எழுதப்படுகிறது. திருகோணமலை நகரிலும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி போன்ற பகுதிகளிலும் இருந்துகொண்டு, விண்டோஸ் கணினியில், திரையிலுள்ளதைக் குரலாக வாசித்துச் சொல்லும் என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பானைத் தமிழ்க் குரலுடன் பயன்படுத்துவோரையும், அவர்களுக்குக் கைகொடுக்கும் பிள்ளைகள், ஆசிரியர்கள், அலுவலர்கள் ஆகியோரையும் மனத்திற் கொண்டே இதை எழுதுகிறேன். திறன்பேசி பற்றிய சிறு பகுதி பின்னால் வருகிறது.

என்விடிஏயின் கட்டளைகள் பெரும்பாலும் "என்விடிஏ விசை" எனப்படும் ஒரு விசையோடு சேர்த்தே அழுத்தப்படுகின்றன. அது இன்சேர்ட் விசையாகவோ, அமைப்பில் தெரிவுசெய்துகொண்டால் கப்ஸ் லொக் விசையாகவோ இருக்கும். இன்சேர்ட் விசை வசதியான இடத்தில் இல்லாத மடிக்கணினிகளில் கப்ஸ் லொக்கைத் தெரிவுசெய்துகொள்வதே நல்லது.

முதற்படி: பழுது வருமுன்னரே இரண்டாவது குரலை வைத்திருத்தல்

உதவி பெறுவதற்கான ஆயத்தத்தைக் கணினி நன்றாக இயங்கும் நாளிலேயே செய்துவிட வேண்டும். விண்டோஸோடு கூடவே வரும் நரேற்றர் என்னும் திரைவாசிப்பானை விண்டோஸ், கொன்ட்ரோல், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தித் தொடங்கலாம். அதே விசைகளால் நிறுத்தலாம். அது ஆங்கிலத்தில் மட்டும் பேசினாலும் கவலையில்லை. என்விடிஏ மௌனமாகிவிட்ட நேரத்தில் கணினி உயிரோடு இருக்கிறதா, திரையில் என்ன செய்தி தடுத்து நிற்கிறது என்பதை அறிய அந்தக் குரல் போதும். இதை ஒருமுறையாவது தொடங்கி நிறுத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தமிழ்க் குரல்களில் குறைந்தது இரண்டைக் கணினியில் வைத்திருங்கள். எழுத்தைக் குரலாக மாற்றும் மென்பொருளே பேச்சொலிப்பான். இஸ்பீக் என்ஜி என்னும் பேச்சொலிப்பான் என்விடிஏக்குள்ளேயே வருகிறது. தமிழையும் சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் அதனால் பேச முடியும். மனிதக் குரலைப் பதிவுசெய்து ஒட்டாமல் விதிகளைக் கொண்டு ஒலியை உருவாக்குவதால் அது இயந்திரத்தனமாகக் கேட்கும். ஆனால் மிகச் சிறியது, விரைவானது, இணைய இணைப்பு வேண்டாதது. இரண்டாவதாக, விண்டோஸ் அமைப்புகளில் நேரமும் மொழியும் என்னும் பகுதிக்குள் பேச்சு என்பதைத் திறந்து, குரல் சேர்க்கும் பொத்தானால் தமிழைத் தெரிவுசெய்தால், வள்ளுவர் என்னும் பெயருடைய ஆண் குரல் இறங்கும். ஒருமுறை இறக்கிய பின் அதுவும் இணையமின்றி இயங்கும்.

எட்ஜ் உலாவியில் கொன்ட்ரோல், ஷிப்ட், யூ ஆகிய விசைகளை அழுத்தினால் பக்கத்தை உரத்து வாசிக்கும் வசதி தொடங்கும். அங்கே இலங்கைத் தமிழுக்கென்று குமார், சரண்யா என்னும் இரண்டு குரல்கள் இருக்கின்றன. அவை செவிக்கு மிகவும் இதமானவை. எனினும் அவை இணையத்தின் வழியாகவே வருகின்றன. மாரி காலத்தில் மின்சாரமும் இணைப்பும் அடிக்கடி துண்டிக்கப்படும் எங்கள் கரையோரத்தில், இணையத்தை நம்பிய குரலை மட்டும் வைத்திருப்பது போதுமான ஏற்பாடு ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. கேட்பதற்கு இனிமையான குரல் நீண்ட வாசிப்புக்கு இருக்கட்டும். கணினியை இயக்குவதற்கு இணையமில்லாத குரலே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: குரல் முற்றாக நின்றுவிட்டால்

பதற்றத்தில் பல விசைகளை அழுத்துவது பழுதைப் பெருக்கும். கீழ்வரும் வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்குப் பின்னும் சில நொடிகள் காத்திருந்து கேளுங்கள்.

முதலில் என்விடிஏ விசையுடன் எஸ் விசையை அழுத்துங்கள். பேச்சு, பீப் ஒலி, மௌனம் முதலிய நிலைகளுக்கிடையே மாறும் கட்டளை இது. எழுத்துகளைத் தட்டச்சுச் செய்யும்போது கைதவறி இதை அழுத்திவிடுவது மிகவும் எளிது. 2024.1 பதிப்பிலிருந்து, கேட்டால் மட்டும் பேசும் நிலையொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர் குரல் பாதி பழுதாகிவிட்டது என்று எண்ணக்கூடும். ஆகவே பேச்சு மீண்டும் கேட்கும்வரை, இடைவெளி விட்டுச் சில முறை அழுத்திப் பாருங்கள்.

ஒரேயொரு மென்பொருளில் மட்டும் குரல் வராமல், மற்றவற்றில் வழமைபோல் வருமானால், அந்த மென்பொருளுக்கு மட்டும், என்விடிஏ பேசாமல் ஒதுங்கியிருக்கும் தூக்க நிலை ஏற்பட்டிருக்கலாம். மேசைக்கணினி விசை ஒழுங்கில் என்விடிஏ விசையுடன் ஷிப்டும் எஸ்ஸும், மடிக்கணினி ஒழுங்கில் ஷிப்டும் இசட்டும் அதை மாற்றும்.

இவற்றால் பயனில்லையென்றால் கொன்ட்ரோல், ஓல்ட், என் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்துங்கள். நிறுவும்போது மேசைத்தளக் குறுக்குவழி உருவாக்கப்பட்டிருந்தால், என்விடிஏ புதிதாகத் தொடங்கும். தொடக்க இசை கேட்டும் பேச்சு வராவிட்டால் ஒலிக்கருவி நலமாக இருக்கிறது, பேச்சொலிப்பானே தடுமாறுகிறது என்று பொருள். இசையும் கேட்காவிட்டால், ஒலி வேறெங்கோ போகிறதா என்று பாருங்கள். அணைக்க மறந்து அடுத்த அறையில் கிடக்கும் புளூரூத் செவிப்பன்னிக்குள் குரல் பேசிக்கொண்டிருப்பது அரிதான நிகழ்வு அன்று. இப்போது நரேற்றரைத் தொடங்குங்கள். அதுவும் பேசாவிட்டால் பழுது ஒலிக்கருவியில் இருக்கிறது. அது பேசினால் பழுது என்விடிஏக்குள் இருக்கிறது. இந்த ஒரு சோதனை, யாரிடம் உதவி கேட்க வேண்டும் என்பதையே தீர்மானித்துவிடுகிறது.

நரேற்றர் பேசுகிறது, என்விடிஏ பேசவில்லை என்றால், அமைப்பில் ஏதோ கலைந்திருக்கிறது. என்விடிஏ விசை, கொன்ட்ரோல், ஆர் ஆகியவற்றை ஒருமுறை அழுத்தினால் கடைசியாகச் சேமித்த அமைப்பு திரும்பும். மூன்று முறை விரைவாக அழுத்தினால் ஆரம்ப அமைப்பு முழுவதும் திரும்பும். பின்னது நீங்கள் செய்து வைத்த மாற்றங்களை மறைத்துவிடும் என்பதால், வேறு வழி இல்லாதபோது மட்டும் அதைச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: பேசுகிறது, ஆனால் தவறாகப் பேசுகிறது

இதுவே நீண்ட பகுதி. ஏனெனில் தமிழுக்கு உரிய சிக்கல்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கின்றன. குரல் தவறாகப் படித்தால், தவறு உரையில் இருக்கலாம், மொழித் தெரிவில் இருக்கலாம், பேச்சொலிப்பானின் விதியில் இருக்கலாம். மூன்றையும் பிரித்தறியாமல் "தமிழ் சரியாக வாசிக்குதில்லை" என்று சொன்னால், கேட்பவர் எவ்வளவு அன்போடு இருந்தாலும் அவரால் உதவ முடியாது.

முதலில் உரையைச் சோதியுங்கள். இலங்கையில் அலுவலகக் கடிதங்களும் பாடசாலை வினாத்தாள்களும் இன்றும் கணிசமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்படுகின்றன. பாமினியில் கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணினிக்குள் சேமிக்கப்பட்டிருப்பதோ ஆங்கில எழுத்துகள். தமிழ் என்னும் சொல் அங்கே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளாகக் கிடக்கிறது. எந்தக் குரலை மாற்றினாலும், எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும், அந்தக் கடிதம் பொருளற்ற ஒலிகளாகவே வரும். பார்வையுள்ளவர் திரையைப் பார்த்து "நல்ல தமிழிலதானே இருக்கு" என்று வியப்பதும் இதனால்தான்.

இதை நீங்களே உறுதிப்படுத்தலாம். ஆவணத்தில் நின்று என்விடிஏ விசையுடன் எஃப் விசையை அழுத்தினால் எழுத்துருவின் பெயர் சொல்லப்படும். பாமினி என்று கேட்டால் விடை கிடைத்துவிட்டது. எழுத்துருவின் பெயர் தெளிவு தராவிட்டால் இன்னொரு வழி உண்டு. எண் விசைத்தளத்தின் 2ஐ, மடிக்கணினி ஒழுங்கில் என்விடிஏ விசையுடன் முற்றுப்புள்ளியை, மூன்று முறை விரைவாக அழுத்துங்கள். சீராய்வுச் சுட்டி, அதாவது உரையை வாசித்துப் பார்ப்பதற்கு என்விடிஏ வைத்திருக்கும் சுட்டி, நிற்கும் எழுத்தின் எண் மதிப்பு சொல்லப்படும். யூனிகோட் எனப்படும் ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளின் மதிப்பு 2944 முதல் 3071 வரை அமையும். எடுத்துக்காட்டாக க என்பதன் மதிப்பு 2965. அதே க பாமினியில் 102 என்று வரும். அது ஆங்கிலச் சிறிய எஃப்பின் மதிப்பு. நான்கு இலக்க எண் வந்தால் உரையில் உள்ளவை தமிழ் எழுத்துகளே. மூன்று இலக்கமோ இரண்டு இலக்கமோ வந்தால் உரையை மாற்றியாக வேண்டும். பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றித் தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றிய பின் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் மட்டும் மீண்டும் சரிபாருங்கள். ஆவணத்தில் இடையிடையே இருந்த உண்மையான ஆங்கிலத்தையும் அந்த மாற்றி தமிழாக்கிக் கெடுத்திருக்கக்கூடும்.

ஒருங்குறியில் இருந்தும் தவறாகத் தட்டச்சுச் செய்யப்பட்ட உரை வேறொரு வகை. ஔவையார் என்னும் பெயரின் முதலெழுத்தை ஒரே எழுத்தாக இடாமல், ஒ என்பதையும் ள என்பதையும் அடுத்தடுத்து இட்டுவிட்டால், கண் வேறுபாட்டைக் காணாது. குரலோ ஒ, ள என்று இரண்டாகப் பிரித்தே படிக்கும். படங்களிலிருந்து எழுத்துணரி மூலம் எடுத்த உரையில் துணைக்காலும் ரகரமும் இடம் மாறுவதும் இத்தகையதே. இங்கே குரலின் மேல் குறை இல்லை. எழுத்து எழுத்தாக அம்புக்குறி விசையால் நகர்ந்து கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, மொழித் தெரிவு. ஆங்கிலக் குரல் தெரிவாகியிருக்கும்போது விண்டோஸ் குரல்கள் தமிழ் வரிகளைப் பேசாமலே தாண்டக்கூடும். என்விடிஏ விசை, கொன்ட்ரோல், எஸ் என்பவை பேச்சொலிப்பானைத் தெரிவுசெய்யும் சாளரத்தைத் திறக்கும். என்விடிஏ விசை, கொன்ட்ரோல், வி என்பவை குரல் அமைப்பைத் திறக்கும். அங்கே மொழியைத் தானாக மாற்றும் தெரிவொன்று உண்டு. ஆவணத்தையோ பக்கத்தையோ உருவாக்கியவர் இந்தப் பகுதி தமிழ், இந்தப் பகுதி சிங்களம் என்று குறித்திருந்தால்தான் அது முறையாக வேலை செய்யும். மும்மொழியிலும் அறிவித்தல் வரும் எங்கள் மாவட்டத்தில் அந்தக் குறிப்பு இல்லாத ஆவணங்களே அதிகம். ஆதலால் தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் கையால் மாற்றிக்கொள்ளப் பழகுவது தவிர்க்க முடியாதது.

மூன்றாவது, பேச்சொலிப்பானின் விதி. சோதனை எளியது: அதே வரியை இஸ்பீக்கிலும் வள்ளுவர் குரலிலும் கேளுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் இடறினால் பெரும்பாலும் உரையே காரணம். ஒன்று மட்டும் இடறினால் அந்தப் பேச்சொலிப்பானின் விதியே காரணம்.

இலங்கைத் தமிழர் பிறமொழிச் சொற்களை எழுதும் முறை இங்கே தனியாகக் கவனிக்கப்பட வேண்டும். நாங்கள் ரிவி, ரிக்கற், இன்ரநெற், சென்ரர் என்றெல்லாம் எழுதி, வாசிக்கும்போது டகர ஒலியோடு வாசிக்கிறோம். இந்தியத் தமிழ் வழக்கைக் கொண்டு அமைந்த குரல் அந்த ரகரத்தை ரகரமாகவே ஒலிக்கும். இதைப் பழுதாக எவரிடமும் முறையிட வேண்டியதில்லை. என்விடிஏயின் பேச்சு அகராதியில் நீங்களே திருத்தலாம். என்விடிஏ பட்டியலில் முன்னுரிமைகள், பேச்சு அகராதிகள், இயல்பிருப்பு அகராதி என்று சென்று, சேர் என்னும் பொத்தானை அழுத்தி, உரையில் இருக்கும் வடிவத்தையும் ஒலிக்க வேண்டிய வடிவத்தையும் எழுதுங்கள்.

ஆனால் மிகுந்த கவனம் வேண்டும். ரிவி என்பதை எங்கு வந்தாலும் டிவி என்று மாற்றுமாறு சொல்லிவிட்டால், தெரிவித்தார், பிரிவில் ஆகிய சொற்களுக்குள்ளும் அந்த எழுத்துகள் இருப்பதால் அவையும் உருக்குலைந்து ஒலிக்கும். முழுச் சொல் என்னும் வகை இதற்காகவே இருக்கிறது. எனினும் உயிர்க்குறியிலோ புள்ளியிலோ முடியும் தமிழ்ச் சொற்களை அது பிடிக்காமல் விடுவதும் உண்டு. தமிழ்ச் சொற்கள் வேற்றுமை உருபுகளைச் சேர்த்துக்கொண்டு வருவதால், ரிவியில், ரிவியை என்று நீண்ட வடிவங்களைத் தனித்தனியே சேர்ப்பதே பாதுகாப்பானது. ஒவ்வொரு பதிவையும் சேர்த்தவுடன் ஒரு பந்தியை முழுவதும் கேட்டுப் பாருங்கள். ஆங்கில ஆவணங்களில் உப்புவெளி, சாம்பல்தீவு, கந்தளாய் போன்ற ஊர்ப் பெயர்களை ஆங்கிலக் குரல் சிதைத்து உச்சரிப்பதையும் இதே அகராதியால் சீர்ப்படுத்தலாம். உள்ளூர் அலுவலகக் கடிதங்களை அன்றாடம் கேட்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நான்காம் படி: மென்பொருளுக்குள் இருக்கும் உதவியைப் பயன்படுத்துதல்

வேறொருவரை அழைக்குமுன் இதை ஒருமுறை பாருங்கள். என்விடிஏ விசையுடன் மேல் வரிசையிலுள்ள 1 என்னும் எண்ணை அழுத்தினால் உள்ளீட்டு உதவி தொடங்கும். அதன் பின் எந்த விசையை அழுத்தினாலும் அது செயற்படாது. அதன் பெயரும் வேலையும் மட்டும் சொல்லப்படும். மீண்டும் அதே கட்டளையால் வெளியேறலாம். அமைப்புச் சாளரத்தில் ஏதேனும் ஒரு தெரிவின் மேல் நின்று எஃப்1 விசையை அழுத்தினால், பயனர் வழிகாட்டியில் அந்தத் தெரிவை விளக்கும் பகுதி நேராகத் திறக்கும். என்விடிஏ விசையுடன் என் விசையால் திறக்கும் பட்டியலின் உதவிப் பிரிவில் முழுப் பயனர் வழிகாட்டியும் கட்டளைகளின் சுருக்கப் பட்டியலும் இருக்கின்றன. வழிகாட்டி நீளமானதுதான். எனினும் பேச்சு அமைப்புப் பற்றிய அத்தியாயத்தை மட்டுமேனும் அமைதியாக ஒருமுறை கேட்டு முடித்தவர், பின்னர் உதவி கேட்கும்போது சரியான சொற்களில் கேட்பார்.

ஐந்தாம் படி: அருகில் உள்ளவரிடம் கேட்டல்

வீட்டிலோ அயலிலோ பார்வையுள்ள ஒருவர் இருந்தால் அவருடைய கண்ணைக் கடன் கேளுங்கள், கணினியை ஒப்படைக்காதீர்கள். "இதைச் சரியாக்கித் தாங்கோ" என்று சொன்னால், திரைவாசிப்பானைப் பற்றி அறியாத அவர் சுட்டியால் எங்கெங்கோ சொடுக்கி, நீங்கள் கண்டறிய முடியாத மாற்றங்களைச் செய்துவிடக்கூடும். மாறாக, "தம்பி, திரையில இப்ப ஏதாவது பெட்டி வந்து நிக்குதா? அதில உள்ளதை ஒரு சொல்லும் விடாம வாசியுங்கோ. ஒண்டையும் அமத்த வேண்டாம்" என்று கேட்டால், தேவையான செய்தி மட்டும் கிடைக்கும். பிறகு விசைகளை நீங்களே அழுத்துங்கள். அவரே அழுத்த நேர்ந்தால், ஒவ்வொரு விசையையும் சொல்லிக்கொண்டே அழுத்துமாறு கேளுங்கள்.

கணினி திருத்தும் கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், இரண்டு விடயங்களை முன்கூட்டியே, இயன்றால் எழுத்தில், கொடுங்கள். முதலாவது, விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுமுன் உங்களிடம் கேட்க வேண்டும். இரண்டாவது, அப்படி நிறுவினால் என்விடிஏயையும் தமிழ்க் குரலையும் மீளச் சேர்த்து, பேசுவதைக் காட்டிய பின்னரே ஒப்படைக்க வேண்டும். பேசாத கணினியோடு வீடு திரும்பியவருக்கு அந்தக் கடைக்கு மீண்டும் போய்வருவது சிறிய வேலை அன்று.

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி பயிலும் மாணவர் யாரையேனும் அறிந்திருந்தால், ஒரு பிற்பகலை உங்களுக்காக ஒதுக்குமாறு கேட்பதில் தயக்கம் வேண்டாம். திரைவாசிப்பானை அவர் அறிந்திராவிட்டாலும், உள்ளீட்டு உதவியையும் பேச்சுக் காட்டியையும் நீங்கள் அவருக்குக் காட்டலாம். கருவிகள் பட்டியலில் உள்ள பேச்சுக் காட்டி, குரல் சொல்வதையெல்லாம் எழுத்தாகத் திரையில் காட்டும். வேகமான செயற்கைக் குரலுக்குப் பழகாத காதுடையவர் அதைப் பார்த்தே உங்களோடு சேர்ந்து சிந்திக்க முடியும்.

அலுவலகக் கடிதம் பாமினியில் வருவதே உங்கள் சிக்கல் என்றால், உதவி கேட்க வேண்டிய இடம் கணினிக் கடை அன்று, கடிதத்தை அனுப்பிய அலுவலகம். இலங்கையில் தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கென எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தரம் இருக்கிறது. அது ஒருங்குறியைத் தழுவியது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் நடைமுறையில் உண்டு. இவற்றைக் குறிப்பிட்டு, "இக்கடிதத்தின் ஒருங்குறிப் பிரதியை மின்னஞ்சலில் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே வாக்கியத்தில் பணிவாகக் கேளுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரை அணுகலாம். எந்த அலுவலகத்தை நாடுவது என்பதே தெளிவில்லாவிட்டால், அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 என்னும் இலக்கத்தில் தமிழிலேயே விசாரிக்கலாம்.

ஆறாம் படி: தொலைவில் இருப்பவரிடம் கேட்டல்

என்விடிஏ 2006ஆம் ஆண்டு அவுஸ்திரேலியாவில் மைக்கல் கரனால் தொடங்கப்பட்டது, பின்னர் ஜேம்ஸ் டே அவரோடு இணைந்தார், இருவரும் பார்வையற்றவர்கள். அதைப் பயன்படுத்துவோரும் மேம்படுத்துவோரும் உலகெங்கும் இருப்பதால், உதவக்கூடிய அறிஞர் உங்கள் ஊரில் இல்லாதிருப்பது பெருந்தடை ஆகாது. தடை பெரும்பாலும் கேட்கும் முறையிலேயே இருக்கிறது.

உங்கள் செய்தியில் பின்வருவன இருக்க வேண்டும்: விண்டோஸ் பதிப்பு, என்விடிஏ பதிப்பு, பேச்சொலிப்பானின் பெயர், குரலின் பெயர், எந்த மென்பொருளில் சிக்கல், என்ன செய்தீர்கள், என்ன கேட்டது, என்ன கேட்டிருக்க வேண்டும், எதை ஏற்கனவே முயன்று பார்த்தீர்கள். ஒரு மாதிரி: "விண்டோஸ் 11இல் என்விடிஏ 2025.1 பயன்படுத்துகிறேன். இஸ்பீக் தமிழ்க் குரலில் வேர்ட் ஆவணத்தை வாசிக்கும்போது, 026 எனத் தொடங்கும் தொலைபேசி இலக்கங்கள் ஒவ்வொரு இலக்கமாக வராமல் ஒரு பெரிய எண்ணாக ஒலிக்கின்றன. உலாவியிலும் அவ்வாறே நிகழ்கிறது. விண்டோஸ் தமிழ்க் குரலிலும் சோதித்தேன். முடிவை ஒலிப்பதிவாக இணைத்துள்ளேன்." இதை வாசிப்பவர் மறுகேள்வி கேட்காமலே விடை தேடத் தொடங்கலாம்.

ஒலிப்பதிவு மிகவும் பயன் தருவது. திறன்பேசியைக் கணினி ஒலிபெருக்கியின் அருகே வைத்து அரை நிமிடம் பதிவுசெய்து வட்ஸ்அப் குரற்செய்தியாக அனுப்பினால் போதும். மின்விசிறியை நிறுத்தி, பேச்சின் வேகத்தைக் குறைத்துப் பதிவுசெய்யுங்கள். நீங்கள் பழகிய வேகம் மற்றவருக்கு விளங்காது.

என்விடிஏ தானே நிறுத்தப்படுகிறது, உறைந்துபோகிறது என்பது போன்ற பழுதுகளுக்குச் என்விடிஏ தன் செயல்களைக் குறித்து வைக்கும் செயற்குறிப்புக் கோப்பு தேவைப்படும். கருவிகள் பட்டியலிலிருந்தோ, என்விடிஏ விசையுடன் எஃப்1 அழுத்தியோ அதைத் திறக்கலாம். தற்காலிகக் கோப்புறையில் நடப்பு அமர்வின் குறிப்பும், முந்தைய அமர்வின் குறிப்பு பழையது என்ற அடையாளத்தோடும் இருக்கும். பழுதுக்குப் பின் என்விடிஏயை மீளத் தொடங்கியிருந்தால் அனுப்ப வேண்டியது அந்தப் பழைய கோப்பையே. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். குறிப்பெடுக்கும் அளவைப் பொது அமைப்புகளில் உயர்த்தியிருந்தால், நீங்கள் தட்டியவையும் குரல் பேசியவையும் அதில் பதிவாகும். வங்கிக் கணக்கையோ கடவுச்சொல்லையோ தொட்ட அமர்வின் குறிப்பை எவருக்கும் அனுப்பாதீர்கள். அளவை உயர்த்தி, பழுதை மட்டும் மீண்டும் நிகழ்த்தி, கோப்பை எடுத்துக்கொண்டு, அளவைத் தாழ்த்திவிடுங்கள்.

என்விடிஏயிலிருந்து வெளியேறும் சாளரத்தில், துணைநிரல்களை, அதாவது என்விடிஏயோடு நீங்கள் கூடுதலாகச் சேர்த்த சிறு மென்பொருள்களை, முடக்கி மீளத் தொடங்கும் தெரிவு உண்டு. அதைச் செய்தபின் பழுது மறைந்தால், காரணம் நீங்கள் சேர்த்த துணைநிரல்களுள் ஒன்று. உதவுவோர் முதலில் கேட்பது இதையே என்பதால், கேட்குமுன்னரே செய்து பாருங்கள்.

நேரடியாகக் கணினிக்குள் வந்து உதவ இரண்டு வழிகள் இருக்கின்றன. 2025.1 பதிப்பிலிருந்து என்விடிஏக்குள்ளேயே தொலை அணுகல் வசதி சேர்ந்துவிட்டது. மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பார்வையற்ற நண்பர், தம்முடைய என்விடிஏ வழியாக உங்கள் கணினியின் குரலைக் கேட்டு அதை இயக்க முடியும். பார்வையுள்ளவர் உதவுவதாயின் விண்டோஸின் விரைவு உதவி வசதியை விண்டோஸ், கொன்ட்ரோல், கியூ விசைகளால் திறக்கலாம். இவ்விரண்டிலும் ஒரு குறியீடு பரிமாறப்படுகிறது. நீங்களாகத் தேடிச் சென்று, நன்கு அறிந்த ஒருவருக்கு மட்டுமே அதைக் கொடுங்கள். தாமாகவே அழைத்து "உங்கள் கணினியில் பழுது இருக்கிறது" என்று சொல்பவருக்குக் கொடுக்கவே கூடாது.

வீட்டில் எவரும் இல்லாத நேரத்தில் கணினி முற்றாக மௌனமாகிவிட்டால், 2015ஆம் ஆண்டு டென்மார்க்கில் தொடங்கப்பட்ட பி மை ஐஸ் என்னும் செயலியில், திறன்பேசியின் கமெராவைத் திரையை நோக்கிப் பிடித்து, தன்னார்வலரிடம் திரையிலுள்ளதை வாசிக்கச் சொல்லலாம். மொழியை அமைப்பில் தெரிவுசெய்துகொள்ளலாம்.

ஏழாம் படி: குரலை உருவாக்குவோரிடம் தெரிவித்தல்

ஒரு சொல்லை இஸ்பீக் தொடர்ந்து தவறாக ஒலித்தால், அதை உங்கள் அகராதியில் திருத்துவதோடு நின்றுவிடாமல் உருவாக்குவோரிடமும் தெரிவியுங்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். இஸ்பீக் என்ஜி திறந்த மூல மென்பொருள்; கிட்ஹப் என்னும் இணையத்தளத்தில் அதன் பழுதுகள் பதிவுசெய்யப்படுகின்றன. தமிழுக்கான ஒலிப்பு விதிகள் ஒரு கோப்பிலும், விதிவிலக்கான சொற்கள் இன்னொரு கோப்பிலும் இருக்கின்றன. அவற்றைப் பராமரிப்பவர் தமிழ் அறிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகையால் மெல்லின எழுத்துக்குப் பின் வரும் ககரமும் சொல்லின் முதலில் வரும் ககரமும் வேறு ஒலி பெறும் என்பது போன்ற, எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிராத விடயங்களைக்கூட விளக்கியே எழுத வேண்டும். ஒரு பதிவில் ஒரு பழுதை மட்டும் எழுதுங்கள். தவறாக ஒலிக்கும் சொல்லோடு, அதே விதிக்குள் அடங்கும் வேறு சில சொற்களையும், ஒரு மனிதர் அவற்றைச் சரியாக உச்சரிக்கும் ஒலிப்பதிவையும் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர் மேற்சொன்ன கணினி மாணவரையோ ஆங்கில ஆசிரியரையோ துணைக்கு அழைக்கலாம். இலங்கைத் தமிழ் ஒலிப்பை எடுத்துச்சொல்ல நாங்கள் முன்வராவிட்டால், அது அந்த விதிகளுக்குள் தானாக வந்து சேராது.

திறன்பேசியில்

அன்ட்ரொய்ட் திறன்பேசியில் ரோக்பாக் என்னும் திரைவாசிப்பானை, ஒலியளவு விசைகள் இரண்டையும் மூன்று நொடிகள் அழுத்திப் பிடித்து இயக்கவும் நிறுத்தவும் முடியும். அந்தக் குறுக்குவழி முன்னரே இயக்கப்பட்டிருக்க வேண்டும். தமிழ் வராவிட்டால் அமைப்புகளில் அணுகல்தன்மைக்குள் உரையைப் பேச்சாக்கும் பகுதியைத் திறந்து, எந்தப் பேச்சு இயந்திரம் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தொலைபேசி நிறுவனம் சேர்த்த இயந்திரம் தமிழைக் கொண்டிராதிருக்கலாம். கூகுளின் பேச்சு இயந்திரத்துக்கு மாறி, அதன் அமைப்பில் தமிழ்க் குரல் தரவை இறக்குங்கள். மாதிரியைக் கேட்கும் பொத்தான் அங்கேயே இருக்கிறது. பாமினி பற்றியும் செய்தி எழுதும் முறை பற்றியும் மேலே சொன்னவை இங்கும் பொருந்தும்.

எட்டாம் படி: கிடைத்த தீர்வைப் பாதுகாத்தல்

பழுது தீர்ந்தவுடன் என்விடிஏ விசை, கொன்ட்ரோல், சி ஆகியவற்றை அழுத்தி அமைப்பைச் சேமியுங்கள். உதவியவருக்கு எது பலித்தது என்பதைத் திருத்தமாக எழுதி அனுப்புங்கள். அடுத்தவருக்கு உதவும்போது அவருக்கு அது தேவைப்படும். கருவிகள் பட்டியலிலிருந்து கொண்டுசெல்லத்தக்க பிரதியொன்றை யூஎஸ்பியில் உருவாக்கி, நடப்பு அமைப்பையும் அதில் சேர்த்துக்கொண்டால், நூலகக் கணினியிலோ நண்பரின் கணினியிலோ உங்கள் குரலும் அகராதியும் அப்படியே பேசும். விண்டோஸ் தமிழ்க் குரல் மட்டும் அந்தப் பிரதியோடு வராது என்பதால், அதில் இஸ்பீக்கைத் தெரிவுசெய்து வையுங்கள்.

உங்கள் பேச்சு அகராதி, என்விடிஏயின் பயனர் அமைப்புக் கோப்புறைக்குள் பேச்சு அகராதிகளுக்குரிய உட்கோப்புறையில் ஒரு சிறு கோப்பாக இருக்கிறது. அதை மின்னஞ்சலில் வேறொரு பிரதியாகவும் வைத்திருங்கள். புதிதாக என்விடிஏ நிறுவும் ஒருவருக்கு அந்தக் கோப்பைக் கொடுத்து, அதே இடத்தில் இட்டு, என்விடிஏயை மீளத் தொடங்கச் சொன்னால், நீங்கள் திருத்திய ஊர்ப் பெயர்களும் பிறமொழிச் சொற்களும் அவருடைய கணினியிலும் அன்றே சரியாக ஒலிக்கும். அவரிடம் ஏற்கனவே அகராதி இருந்தால் மட்டும் அதன்மேல் இட வேண்டாம். உங்களுடைய பதிவுகளை ஒவ்வொன்றாகச் சேர் பொத்தானால் சேர்க்கச் சொல்லுங்கள்.